அரை இஞ்சுத் தையல்

ஓர்வில் ஸ்டென்ஸ்ருட் நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது அபூர்வம். தானியக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்றுகூட, "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்ட மனிதர். அப்படிப்பட்டவர் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே பேசினார்.

"ஃபார்கோல மக வீட்டுல ஒரு போர்வை குடுத்தா. கடையில வாங்குனது. உள்ள கண்ணாடி மணி வச்சிருக்கு, பதினஞ்சு பவுண்டு கனம். படுத்தது தெரியும், எந்திரிச்சது தெரியும். நாப்பது வருசத்துல நான் இப்பிடித் தூங்குனதே இல்ல."

அவர் மனைவி லவோன் அப்போது காப்பிக் கூஜாவோடு அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நாற்பது வருடமும் அந்த மனிதர் தூங்கியது அவள் கையால் தைத்த போர்வைகளுக்குள். மொத்தம் பதினோரு போர்வை. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பி, இழவு வீட்டில் காட்டுகிற முகத்தைக் காட்டினார்கள். ஓர்வில்லின் அக்கா பெர்னெட்டா மட்டும் முகத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிற பிறவி அல்ல.

"பாவம்டா தம்பி," என்றாள். "நாப்பது வருசமா முழிச்சுக்கிட்டேவா கெடந்த?"

லவோன் சிரித்தாள். அந்த ஊரில் கோபம் வந்தால் பெண்கள் சிரிப்பார்கள். ரொம்பக் கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றுவார்கள். ஓர்வில்லின் கோப்பை விளிம்பு வரைக்கும் வந்து தட்டில் வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது, பதினோரு போர்வைகளையும் நிறுத்துப் பார்த்தது. குளியலறையில் இருக்கிற எடை இயந்திரத்தில் போர்வையைக் கட்டிக்கொண்டு ஏறுவது, பிறகு வெறுமனே ஏறுவது, இரண்டையும் கழிப்பது. இதில் அவள் கேட்காத ஒரு கணக்கும் பதினோரு தடவை தெரியவந்தது. அதை விட்டுவிடலாம். போர்வைகள் நாலு பவுண்டு, நாலரை. இருந்ததிலேயே கனமானது ஐந்தரை.

"உனக்குக் கனம்தான வேணும்?" என்று கூடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

ஓர்வில் தொலைக்காட்சியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எதிரே பெய்துகொண்டிருந்த பனியை அவர் தொலைக்காட்சி சொன்னால்தான் நம்புவார். "என்னது?"

"ஒண்ணுமில்ல. மணியை உள்ள போட்டுத் தைக்கிறதுக்குப் பேரு போர்வை இல்ல, மூட்டை. நான் மூட்டை தைக்க மாட்டேன். ஆனா உனக்குக் கனம் வரும், கவலைப்படாத."

கனம் எங்கிருந்து வரும் என்பதில் லவோனுக்குக் குழப்பம் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். எதை எவ்வளவு போட்டால் எவ்வளவு நிற்கும் என்று கை சொல்லும். போர்வையின் கனத்தில் பாதிக்கு மேல் துணியில் இருக்கிறது. நிலவறையில் ஓர்வில்லின் பழைய ஜீன்ஸ் மூன்று பெட்டி இருந்தது. கிழிந்தது, முட்டி போனது, பெயின்ட் கொட்டியது, இடுப்பு பற்றாமல் போனது. எதையும் அவர் தூக்கிப் போட விட்டதில்லை. அவள் பெட்டிகளை மேலே இழுத்து வந்து கத்தரிக்கோலை எடுத்ததும், வானிலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"இது இன்னும் போடலாமே."

"எங்க போடலாம்? சோளக்கொல்லை பொம்மைக்கா?"

"இது ரெண்டாயிரத்து நாலுல வாங்குனது."

"அப்ப உன் இடுப்பும் ரெண்டாயிரத்து நாலுல இருந்துச்சு, ஓர்வில். ரெண்டுமே திரும்ப வராது."

மேல்துணிக்கு ஜீன்ஸ் சதுரங்கள், அடித்துணிக்குக் கருநீல ஃபிளானல். அது முடிவாயிற்று. அடுத்தது நடுப்பஞ்சு. இங்கேதான் நல்ல குடும்பங்கள் பிரிகின்றன. பருத்திப் பஞ்சு கனமாக உடம்போடு ஒட்டி விழும், ஆனால் பொசபொசவென்று இருக்காது. கம்பளிப் பஞ்சு கதகதப்பு, அமுக்கினால் திரும்ப எழும், ஆனால் எடையே தெரியாது. பாலியஸ்டர் மலிவு, காற்று மாதிரி, அதை வைத்துத் தைத்தால் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் போர்த்திக்கொண்டது போல இருக்கும். லவோன் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வந்து, பருத்தி மேல் கம்பளி வைத்து நாலாவதாக ஒன்றும் சேர்த்து, நாலு சின்னச் சதுரங்களாகத் தைத்து, ஒவ்வொன்றாக ஓர்வில்லின் முட்டியில் போட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இது?"

"இதும் நல்லா இருக்கு."

"இந்த மூணாவது?"

"அதும்தான்."

"முட்டியில உணர்ச்சி இருக்கா, இல்ல டாக்டரைக் கூப்பிடவா?"

நாலாவதைப் போட்டபோது அவர் கை தானாக அதன் மேல் வந்து படிந்தது. கண் தொலைக்காட்சியில்தான் இருந்தது. வாயால் அதையும் "நல்லா இருக்கு" என்றார். லவோன் வாய் சொன்னதை விட்டுவிட்டுக் கை சொன்னதை எடுத்துக்கொண்டாள். கீழே பருத்தி, மேலே கம்பளி.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற ஊடுதையல் எத்தனை இஞ்சுக்கு ஒன்று என்பதுதான் பாக்கி. பஞ்சு வந்த பாக்கெட்டில் எட்டு இஞ்ச் வரைக்கும் தள்ளித் தைக்கலாம் என்று போட்டிருந்தது. லவோன் நாலு போதும் என்று நினைத்தாள். தையல் நெருங்க நெருங்கப் போர்வை விறைக்கும்; விறைத்த போர்வை ஆள் மேல் விழாமல் கூடாரம் மாதிரி நிற்கும்; பக்கவாட்டில் குளிர் உள்ளே வந்து கூடக் குடியிருக்கும். கனமான போர்வைக்கு அது இன்னும் மோசம்.

பெர்னெட்டாவுக்கு இதெல்லாம் காதில் விழாது. எழுபத்து நாலு வயது. மாவட்டக் கண்காட்சியில் போர்வைக்கு முதல் பரிசான ஊதா நாடாவை நாலு தடவை வாங்கியவள். நாலும் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் சின்னச் சட்டத்தில் அவள் புருஷன் படம். வியாழக்கிழமை மத்தியானம் ஓட்ஸ் இனிப்பு வில்லைகளோடு வந்தாள். உட்காருவதற்கு முன்னாலேயே மேசையில் விரித்திருந்த ஜீன்ஸ் மேல்துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள். அந்த வட்டாரத்தில் ஒரு பொருளை இதற்கு மேல் கேவலப்படுத்த வார்த்தை கிடையாது.

"கனத்துக்காக, அண்ணி."

"எத்தனை இஞ்சுக்குத் தைக்கப் போற?"

"நாலு."

பெர்னெட்டா தான் கொண்டுவந்த வில்லையை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "நாலா? நாலு இஞ்சுல ஒரு கன்னுக்குட்டி நொழஞ்சு வெளிய வந்துரும். அரை இஞ்ச் தைக்கணும். அரை இஞ்சுக்கு மேல போனா அது தையல் இல்ல லவோன், சோம்பேறித்தனம்."

"ஜீன்ஸுல அரை இஞ்ச் தச்சா பலகையாயிரும், அண்ணி."

"பலகையானா என்ன? ஆயுசுக்கும் நிக்கும்."

"யோசிக்கிறேன்," என்றாள் லவோன். முடியாது என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெர்னெட்டாவும் அதே ஊர்க்காரிதான். அவளுக்கும் புரிந்துதான் இருக்கும்.

இத்தனை தடிமனைக் கையால் ஊடுதையல் போட முடியாது. ஊருக்கு வெளியே கோலீன் என்பவளிடம் பெரிய தையல் மிஷின் இருந்தது. வண்டிக் கொட்டகைக்கு ஹீட்டர் போட்டு அதில் வைத்திருந்தாள். போர்வையை நீளமாகக் கட்டி மிஷின் தலையை அதன் மேல் ஓட்டுவார்கள். லவோன் மூன்று அடுக்கையும் கொண்டுபோய்க் கொடுத்து, "நாலு இஞ்ச், நேர்கோடு" என்று சீட்டு எழுதி ஊக்கில் குத்திவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெர்னெட்டா தன் சொந்தப் போர்வை ஒன்றை வாங்க அங்கே போனாள். மிஷினில் ஏற்றியிருந்த ஜீன்ஸைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள்.

"எழுத்துல தப்பு பண்ணிட்டா," என்றாள். "அரை இஞ்ச். நேத்து எங்கிட்ட அவளே சொன்னா."

கோலீனுக்கு ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தவள் பெர்னெட்டா. பொய் சொல்லாதே என்பதும் அதில் ஒன்று. ஆகவே கோலீன் நம்பினாள்.

புதன்கிழமை தொலைபேசி வந்தது.

"லவோன் அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க போர்வை என் மிஷினைக் கொல்லுது. கால்வாசிதான் ஆச்சு. இருபத்து மூணு ஊசி ஒடிஞ்சிருச்சு. ஒண்ணு பறந்து போயி என் மூக்குக் கண்ணாடியில பட்டுச்சு."

"நாலு இஞ்சுக்கா இருபத்து மூணு ஊசி?"

மறுமுனையில் சீட்டை ஊக்கிலிருந்து உருவுகிற சத்தம் கேட்டது. "நாலு இஞ்சா?" என்றாள் கோலீன்.

போர்வை வீட்டுக்கு வந்தது. முக்கால் பங்கு துணியாக இருந்தது. தைத்த கால் பங்கு துணி என்கிற ஜாதியை விட்டே போயிருந்தது. லவோன் அந்தப் பக்கத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். நின்றது. கையை எடுத்தாள். அப்போதும் நின்றது. ஓர்வில் வந்து விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"கதவு மாதிரி இருக்கு," என்றார்.

"உங்க அக்கா கைவண்ணம்."

"கீல் போட்டா கொட்டகைக்கு ஆகும்," என்று அவர் யோசனையாகச் சொன்னார். அவர் கிண்டல் செய்யவில்லை. கொட்டகைக் கதவு ஒன்று உண்மையிலேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பெர்னெட்டா வந்தபோது போர்வை சமையலறைச் சுவரோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"வாங்க அண்ணி, உக்காருங்க," என்றாள் லவோன். "அது நிக்கட்டும், அதுக்குப் பழக்கமாயிருச்சு."

பெர்னெட்டா கோட்டைக் கழற்றாமல் போர்வையைப் பார்த்தாள். பக்கத்தில் போய்த் தையலை விரலால் தடவினாள். "கோடு நேராத்தான் போட்டிருக்கா," என்றாள்.

"ரொம்ப நேரா. அதை மேல போட்டுக்கிட்டு உங்க தம்பி மூச்சு விடணுமே, அது ஒண்ணுதான் கஷ்டம். எங்கிட்ட கேக்காம அங்க போயி எதுக்குச் சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"யார் நல்லதுக்கு?"

பெர்னெட்டா வாய் திறந்து, மூடினாள். அவளை அப்படி லவோன் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நல்ல நேரத்தை வீணாக்காமல் மேசை இழுப்பறையைத் திறந்து, தையல் பிரிக்கிற குட்டிக் கத்திகள் இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தன் முன்னாலும் ஒன்றை நாத்தனார் முன்னாலும் வைத்தாள்.

"கோட்டைக் கழட்டிருங்க அண்ணி. நேரமாகும்."

பெர்னெட்டா கழற்றினாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். "இதைப் பிரிக்கிறது பாவம்" என்று சொல்லிக்கொண்டேதான் முதல் தையலை அறுத்தாள்.

மூன்று வாரம் பிடித்தது. தினம் மத்தியானம் ஒரு மணிக்கு வருவாள், நாலு மணிக்குப் போவாள். அரை இஞ்சுக்கு ஒரு கோடு, இஞ்சுக்குப் பத்துத் தையல்; கணக்குப் போட்டால் அழுகை வரும் என்பதால் இருவரும் போடவில்லை. பேச்சு மட்டும் நடந்தது.

"உன் கத்தி மொண்ணை."

"நாக்கு ரெண்டு இருக்குல்ல வீட்டுல, கத்தி எதுக்குன்னு தீட்டல."

"எனக்கு மருமக இருந்திருந்தா இப்பிடிப் பேச விடமாட்டேன்."

"அதான் கடவுள் உங்களுக்குப் பையனைக் குடுக்கல, அண்ணி. அவருக்கும் கண்ணு இருக்கு."

ஓர்வில் இந்த மூன்று வாரமும் மத்தியானங்களில் கொட்டகையில் ஏதோ வேலை இருப்பதாகக் கண்டுபிடித்தார். வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது. அதுவே தேவலை என்று தோன்றியிருக்கும்.

பிரித்து முடித்தபோது அந்தக் கால் பங்கு முழுக்க ஊசி ஓட்டை. லவோன் நீராவி காட்டி, ஈரக் கையால் தேய்த்துப் பாதியை மூடினாள். கோலீனைத் திரும்பக் கேட்டதற்கு, மிஷினைப் பழுது பார்க்க அனுப்பியிருப்பதாகவும், அது வசந்தத்துக்கு முன் வராது என்றும், வந்தாலும் ஜீன்ஸ் என்ற வார்த்தையை அதன் முன்னால் சொல்ல வேண்டாம் என்றும் பதில் வந்தது.

"சரி. முடிச்சுப் போடுறேன்," என்றாள் லவோன். தடித்த நூலை மேலிருந்து கீழே விட்டு, திரும்ப மேலே இழுத்து, நாலு இஞ்சுக்கு ஒரு முடிச்சு. தையலே கிடையாது.

பெர்னெட்டாவின் முகம் தேவாலயத்தில் யாரோ விசில் அடித்தது போலானது. "முடிச்சா? முடிச்சு தபால் பார்சலுக்குப் போடுறது."

"உங்க தம்பியப் பார்சல் பண்றதா நெனச்சுக்குங்க."

"நான் தொட மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே."

மறுநாள் ஒரு மணிக்கு வந்தாள். சும்மா வில்லை கொடுக்க வந்ததாகச் சொன்னாள். லவோன் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த பெர்னெட்டா, "முடிச்சு போடவாவது தெரியுதா பாரு" என்று நூலைப் பிடுங்கினாள். மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் முடிச்சில் பாதி அவள் போட்டது. அதைத் தேவாலயத்தில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிப்ரவரியில் போர்வை கட்டிலுக்கு ஏறியது. பன்னிரண்டு பவுண்டு. ஓர்வில் மேல் அது விழுந்த விதம், அவரை அவருடைய உருவத்திலேயே இன்னொரு தடவை வார்த்தது போல இருந்தது. காலையில் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தி எழுந்து வந்து, காப்பியில் பாதி குடித்துவிட்டு, "மோசமில்ல" என்றார். மோட்சத்தைக் காட்டினாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். லவோன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, வெந்துவிட்ட முட்டையை இன்னும் இரண்டு நிமிடம் வேகவைத்தாள்.

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் லவோன் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருந்தாள். ஃபிளானலைத் தைக்குமுன் ஒரு தடவை தண்ணீரில் முக்கிச் சாயத்தை வெளியேற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். கண்ணாடி மணி மேல் இருந்த கோபத்தில் அவள் நேரே கத்தரிக்கோலுக்குப் போய்விட்டாள்.

மார்ச் முதல் வாரம் ஓர்வில்லுக்கு ரத்த அழுத்தப் பரிசோதனை. லவோன் வெளியே பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நர்ஸ், கால் வீக்கம் பார்க்கலாம் என்று காலுறையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். பாதம் இரண்டும் நீலம். கால்விரல் நகம் நீலம். கணுக்காலுக்கு மேலே முழங்கால் வரைக்கும் நீலம். நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு டாக்டரைக் கூப்பிட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. டாக்டர் ஓடி வந்தார். விரலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தில் பிராணவாயு பார்க்கிற கருவியை மாட்டினார், தொண்ணூற்றெட்டு காட்டியது. இன்னொரு விரலில் மாட்டினார், அதுவும் தொண்ணூற்றெட்டு. நாடி பார்த்தார். "நெஞ்சு வலிக்குதா? மரத்துப் போகுதா? எவ்வளவு நாளா இப்பிடி?" என்று கேட்டார்.

"கவனிக்கல," என்றார் ஓர்வில். "நல்லாத் தூங்குறேன்."

கடைசியில் நர்ஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு கால்விரலைத் துடைத்தாள். விரல் வெளுத்தது, பஞ்சு நீலமானது. அவள் பஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா," என்றாள். "சாயம் போறாரு. அவ்வளவுதான்."

பன்னிரண்டு மைல் ஓட்டி வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி கால் எப்பிடி இருக்கு?" என்றாள் பெர்னெட்டா. "நீலமாமே?"

"அதுக்குள்ளயா?"

"ஃபிளானலைத் தண்ணியில முக்கி எடுக்கல?"

"மறந்துட்டேன், அண்ணி."

"மறந்துட்ட." அந்த வார்த்தையை அவள் நன்றாக மென்றுதான் விழுங்கினாள். "முடிச்சுப் போட ஞாபகம் இருந்துச்சு, நாலு இஞ்ச் ஞாபகம் இருந்துச்சு, என் கையில கத்தியைக் குடுக்க ஞாபகம் இருந்துச்சு. ம். சரி, எப்ப துவைக்கப் போற?"

"நாளைக்கு. வீட்டு மிஷின்ல போகாது, டவுன்ல காசு போடுற மிஷினுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"வர்றேன்னேன்ல."

தன் அவமானத்தை ரசிக்க வருகிறாள் என்று லவோன் நினைத்தாள். இருபது மைல் தூரமும் சாயத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கத் தயாராக வண்டியை ஓட்டினாள். பெர்னெட்டா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, உருகுகிற பனியைப் பார்த்தபடி பேசாமல் வந்தாள். லவோனுக்கு அதுதான் அதிகக் கலக்கமாக இருந்தது.

சலவைக் கடையில் இருந்ததிலேயே பெரிய மிஷினில் இருவருமாகப் போர்வையைத் திணித்தார்கள். சாயம் உறிஞ்சுகிற தாளை ஒரு பெட்டியோடு பெர்னெட்டாவே கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் ஏறி, போர்வை ஒரு தடவை கனமாகப் புரண்டு, வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நீலமாயிற்று. லவோன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெர்னெட்டா உட்காரவில்லை. கோட்டுப் பொத்தான் கழுத்துவரை போட்டபடி கண்ணாடிக்கு ஓரடி தூரத்தில் நின்றாள்.

"அண்ணி, அது ஓடிப் போகாது. உக்காருங்க."

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கல்யாணமான வருசம் ஒண்ணு தச்சேன். எனக்கு இருபது வயசு. அப்பல்லாம் பஞ்சு இப்பிடித் தகடா வராது. உதிரியா இருக்கும், விதைத் தூசியெல்லாம் கெடக்கும். வயித்துல பிள்ளை வேற. சீக்கிரம் முடிக்கணும்னு ஆறு இஞ்சுக்கு ஒண்ணா ஓட்டிட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. வசந்தத்துல தொவைச்சேன். உள்ள இருந்த பஞ்சு பூராவும் ஓடி ஒரு மூலையில உருண்டை உருண்டையா நின்னுருச்சு. மிச்ச எடமெல்லாம் வெறும் துணி."

"அய்யய்யோ."

"எங்க மாமியா அதை எடுத்துட்டுப் போயி ரோட்டைப் பாத்த கொடியில போட்டா. போறவன் வர்றவன்கிட்டல்லாம், 'எங்க மருமக செஞ்சது, உள்ள பூனை குட்டி போட்ருச்சு போல'ம்பா. ஒரு வாரம். எடுக்கப் போனா, 'இன்னும் காயலயே'ம்பா. மழை பெஞ்சு நின்னப்பறமும் 'காயலயே'ம்பா."

லவோன் நாற்பது வருடமாக அரை இஞ்சைப் பற்றி அவளிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். தன் மகளின் தொட்டில் போர்வையில் தொடங்கி, கிறிஸ்துமஸுக்குத் தைத்த தட்டுக்கு அடியில் விரிக்கிற துணி வரைக்கும் எல்லாவற்றுக்கும் வாங்கியிருக்கிறாள். காரணம் கேட்க அவளுக்கு ஒரு தடவையும் தோன்றியதில்லை. திமிர் என்று ஒரு காரணம் ஏற்கெனவே கையில் இருந்ததால் வேறு தேவைப்படவில்லை.

"அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்றதென்ன. அதுக்கப்பறம் எல்லாம் அரை இஞ்ச். மொத ஊதா நாடா வாங்குன போர்வையை அவகிட்டக் கொண்டுபோயி மடியில விரிச்சேன். அதுக்குள்ள அவளுக்குக் கண்ணு போயிருச்சு. தடவிப் பாத்துட்டு, 'இது எந்தக் கடையில வாங்குனது'ன்னா."

மிஷின் நின்று, தண்ணீர் மாறி, மறுபடி சுற்றியது. லவோன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஆறுதலாக எதையாவது சொல்லலாம். அந்த வீட்டுப் பெண்களுக்கு அது பழக்கமில்லை.

"நல்ல வேளை அண்ணி," என்றாள். "அந்தம்மா கையில கத்தி குடுத்து உங்களைப் பிரிக்கச் சொல்லல."

பெர்னெட்டா மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஈரப் போர்வை இரண்டு பேர் தூக்குகிற பாரமாக வெளியே வந்தது. உலர்த்தும் மிஷினுக்குப் போகுமுன் பெர்னெட்டா அதை மடிக்கிற மேசையில் விரித்துவிட்டாள். துணியோடு நின்ற நாலு பேரைக் காத்திருக்க வைத்துவிட்டு, ஒவ்வொரு சதுரமாக இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ், பிறகு அடுத்த வரிசை. இருபது நிமிடம் ஆயிற்று. காத்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தன் துணியை முழங்காலில் வைத்து மடிக்கத் தொடங்கினார். பஞ்சு எங்கேயும் நகரவில்லை.

"பருத்திக்கு நடுவுல மெல்லிசா வலை வச்சு அடிச்சிருக்கான், அண்ணி. நகராது. பாக்கெட்டுலயே போட்டிருக்கு."

"பாக்கெட்டை எல்லாம் யாரு படிக்கிறா." கடைசிச் சதுரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மூணு முடிச்சு அவிழ்ந்திருக்கு."

"எங்க?"

"இது, இது, அந்த ஓரத்துல ஒண்ணு. மூணும் உன்னோடது."

லவோன் குனிந்து பார்த்தாள். மூன்றும் அவளுடையதுதான். பெர்னெட்டா கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, நின்ற இடத்திலேயே மூன்றையும் முடிந்து, பல்லால் நூலைக் கடித்தாள்.

உலர ஒன்றே முக்கால் மணி நேரம். அதுவரை வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முட்டை வைத்த ரொட்டி தின்றார்கள். போர்வை சூடாக, முன்பைவிட மெத்தென்று, லேசாகச் சுருங்கி வந்தது. பின் இருக்கையில் பனிக்காலத்துக்காக வைத்திருந்த சக்கரச் சங்கிலியும் உப்பு மூட்டையும் கிடந்ததால் அதைப் பெர்னெட்டாவின் மடியில் வைத்தாள் லவோன். கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டது.

"அமுக்குது," என்றாள் பெர்னெட்டா.

"எடுத்துரவா?"

"இருக்கட்டும், ரெண்டு நிமிசம்."

டவுன் எல்லை தாண்டுவதற்குள் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் குறட்டையில் ஒரு சுருதி வித்தியாசம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் நின்று, செத்துவிட்டாரோ என்று நினைக்க வைத்து, மறுபடி தொடங்குகிற அதே குறட்டை. லவோன் வானொலியை அணைத்தாள். ரயில் பாதை மேட்டில் வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்து ஏற்றி இறக்கினாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனை முன்னால் போகவிட்டாள்.

பெர்னெட்டா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் குறட்டை நின்றது.

"எதுக்கு இங்க நிக்கிற?" என்றாள் பெர்னெட்டா, கண்ணைக் கசக்காமல். "நான் ஒண்ணும் தூங்கல."

"தூங்கலயே அண்ணி," என்றாள் லவோன். "யாரு சொன்னா?"